பத்திரம் ஆன்லைன்ல பதிவாயிடுச்சு... இடம் உங்களுதா? ஓசூர் பக்கம் சைட் வாங்கறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது



ஓசூர், சூளகிரி, பாகலூர், தேன்கனிக்கோட்டைன்னு எந்தப் பக்கம் போனாலும் ரோட்டோரம் கொடி கட்டின லேஅவுட்தான். அதுக்குக் காரணமும் இருக்கு. டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன்னு பழைய கம்பெனிகள் ஒரு பக்கம். டாடா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளி பக்கம் ஓலான்னு புதுசு ஒரு பக்கம். 2024 ஜூன் 27 அன்னைக்கு சட்டமன்றத்துல, ஓசூர்ல 2,000 ஏக்கர்ல விமான நிலையம் வரும்னு முதலமைச்சர் அறிவிச்சதிலிருந்து புரோக்கர் போன் பண்ணாத நாளே இல்லை.

அந்த போன்ல இப்போ புதுசா ஒரு வரி சேர்ந்திருக்கு. "எல்லாம் ஆன்லைன் சார். இசி கிளியரா இருக்கு, டோக்கன் போட்டா ஒரே நாள்ல பதிவு முடிஞ்சிடும். பயமே வேண்டாம்."

இதுல முதல் பாதி உண்மை. "பயமே வேண்டாம்"ங்கற பாதிதான் ஆபத்து. சிப்காட்ல பத்துப் பதினஞ்சு வருஷம் ஷிப்ட் பார்த்துச் சேர்த்த பணம், பிஎஃப்ல எடுத்தது, வீட்டு நகையை வச்சு வாங்கினது எல்லாமே ஒரே ஒரு 30-க்கு-40 சைட்டுக்குள்ள போகுது. அதனால ஆன்லைன் சிஸ்டம் உங்களுக்கு என்ன செய்யும், என்ன செய்யாதுன்னு இந்தப் பதிவுல தெளிவா பார்த்துடலாம்.

ஒரே வரியில சொல்லணும்னா: கம்ப்யூட்டர் உங்க பத்திரத்தைப் பதிவு பண்ணும். வித்தவர் உண்மையிலேயே ஓனர்தானான்னு அது சர்டிபிகேட் கொடுக்காது. அந்த வேலை உங்களுது.

முதல்ல நல்லதைச் சொல்லிடுவோம்

ஒரு காலத்துல வில்லங்கச் சான்று வாங்கணும்னா சார்பதிவாளர் அலுவலகத்துல மனு கொடுத்துட்டு, கையால எழுதின அட்டவணைப் புத்தகத்தை யாராவது புரட்டிப் பார்க்கற வரைக்கும் காத்திருக்கணும். பதிஞ்ச பத்திரம் கைக்கு வரவே நாள் கணக்காகும்.

2000-ல 'ஸ்டார்' திட்டம் வந்தப்போதான் தமிழ்நாட்டுப் பதிவு அலுவலகங்கள்ல கம்ப்யூட்டர் நுழைஞ்சது. 2018 பிப்ரவரியில 'ஸ்டார் 2.0' வந்து எல்லாமே இணையத்துக்கு மாறுச்சு. நாம இப்போ பயன்படுத்தற டிஎன்ரெஜிநெட் தளம் அதுதான்.

இன்னைக்கு நீங்க வீட்டுல இருந்தே இதெல்லாம் பண்ணலாம்:

1. சர்வே நம்பரையோ தெருப் பேரையோ போட்டு வழிகாட்டி மதிப்பு பார்க்கலாம்.
2. வில்லங்கச் சான்றை, அதாவது நாம சொல்ற இசியை, இலவசமா பார்க்கலாம். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975-லிருந்து விவரம் இருக்கு.
3. கிரயப் பத்திரத்தோட விவரங்களை நீங்களே உள்ளிட்டு வரைவு தயார் பண்ணலாம்.
4. முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எவ்வளவுன்னு கணக்கு பார்த்து ஆன்லைன்லயே கட்டலாம்.
5. நாள், நேரம் பார்த்து டோக்கன் எடுத்துட்டு, நேர்ல போய் கைரேகை, போட்டோ கொடுத்துட்டு வரலாம்.

பதிவு முடிஞ்சதும் தகவல் தானாவே வருவாய்த் துறையோட 'தமிழ் நிலம்' மென்பொருளுக்குப் போயிடும். உட்பிரிவு தேவைப்படாத இடம்னா பட்டா மாறுதலும் தானா நடக்கற அளவுக்கு வந்திருக்கு. தாலுகா ஆபீசுக்கு நடையா நடந்த காலத்தோட ஒப்பிட்டா இது பெரிய மாற்றம்தான். இதைக் குறைச்சுச் சொல்லக் கூடாது.

ஆனா வேகம் கூடினா தப்பும் அதே வேகத்துல நடக்கும். யோசிக்க நாலு நாள் கிடைச்ச இடத்துல இப்போ நாலு மணி நேரம்தான் கிடைக்குது.

பதிவு வேற, உரிமை வேற

நம்ம ஊர்ல பத்திரப் பதிவுங்கறது 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி நடக்குது. அந்தச் சட்டம் பதிவு பண்றது பத்திரத்தை. "இவருதான் ஓனர், அரசு உத்தரவாதம்"னு அது எங்கேயும் சொல்லலை.

சிங்கப்பூர், மலேசியாவுல சொந்தக்காரங்க இருந்தா கேட்டுப் பாருங்க. அங்கே நடைமுறையில இருக்கறது 'டாரன்ஸ்' முறை. 1858-ல தெற்கு ஆஸ்திரேலியாவுல ஆரம்பிச்சது. அரசுப் பதிவேட்டுல யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர். பதிவேடே உரிமை. நம்ம நாட்டுல அப்படி இல்லை. இங்கே உரிமைங்கறது ஒரு சங்கிலி. தாத்தாவுக்கு எப்படி வந்தது, அப்பாவுக்கு எப்படி வந்தது, வித்தவருக்கு எப்படி வந்ததுன்னு ஒவ்வொரு கண்ணியும் சரியா இருந்தாத்தான் கடைசிக் கண்ணியான உங்க பத்திரத்துக்கு மதிப்பு.

இதை உச்ச நீதிமன்றமே நம்ம மாநில வழக்கு ஒண்ணுல சொல்லியிருக்கு. விக்கறவர் முந்தைய மூலப் பத்திரத்தைக் காட்டணும்னு தமிழ்நாடு பதிவு விதிகள்ல 55-ஏ(i)ன்னு ஒரு விதி இருந்தது. 2025 ஏப்ரல் 7 அன்னைக்கு கே. கோபி வழக்குல அந்த விதி செல்லாதுன்னு தீர்ப்பு வந்தது. காரணம் என்னன்னா, எழுதிக் கொடுக்கறவருக்கு அந்தச் சொத்துல உரிமை இருக்கா இல்லையான்னு விசாரிக்கற அதிகாரம் சார்பதிவாளருக்கு இல்லை. நடைமுறை சரியா இருந்து, கட்டணமும் கட்டியிருந்தா, பத்திரத்தைப் பதிவு பண்ணித்தான் ஆகணும். அதுக்கப்புறம் மூலப் பத்திரத்தைக் கேட்கறதுக்காகத் தனியா சட்டத் திருத்த மசோதாவை அரசு கொண்டு வந்தது. ஆனா ஒரிஜினலைக் காட்டச் சொல்றது ஒரு வேலை. உரிமையை ஆராய்ஞ்சு முடிவு சொல்றது வேற வேலை. இந்த ரெண்டாவது வேலையைப் பதிவு அலுவலகம் உங்களுக்காகச் செய்யாது.

"ஆபீசர் பார்த்துத்தானே சீல் போட்டார்"ங்கற நம்பிக்கையை முதல்ல விட்டுடுங்க.

மூணு அலமாரி, மூணு சாவி

ஒரு சைட்டைப் பத்தின விவரம் மூணு அலமாரியில பிரிஞ்சு கிடக்குது. பதிவுத் துறைகிட்ட பத்திரமும் இசியும். வருவாய்த் துறைகிட்ட பட்டா, அ-பதிவேடு, புலப்படம். உள்ளாட்சி, நகரமைப்புத் துறைகிட்ட லேஅவுட் அனுமதி, வரி ரசீது. மூணும் கம்ப்யூட்டர்ல ஏறியாச்சு. ஆனா ஒண்ணுல இருக்கற தப்பை இன்னொண்ணு தானா பிடிக்கும்னு நினைக்காதீங்க. மூணையும் பக்கத்துப் பக்கத்துல வச்சுப் பார்க்க வேண்டியது வாங்கற நீங்கதான்.

அலமாரி 1: இசி

புரோக்கர் 13 வருஷ இசியோட வருவார். போதாது. குறைஞ்சது 30 வருஷம் பாருங்க. முடிஞ்சா 1975-லிருந்தே எடுங்க. ஆன்லைன்ல இல்லாத காலத்துக்கு அலுவலகத்துல மனு போட்டு வாங்கலாம்.

ஓசூர் பக்கம் இசி பார்க்கும்போது இந்த ரெண்டு விஷயத்துல உஷாரா இருங்க.

முதலாவது, மாவட்டப் பேர். இந்தப் பகுதி 1965 வரைக்கும் சேலம் மாவட்டத்துல இருந்தது. அந்த வருஷம் அக்டோபர் 2-ல தருமபுரி மாவட்டம் பிரிஞ்சது. 2004 பிப்ரவரி 9-ல தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிஞ்சது. அதனால ஒரே நிலத்தோட தாய்ப் பத்திரத்துல சேலம் ஜில்லா, அடுத்ததுல தருமபுரி மாவட்டம், கடைசியில கிருஷ்ணகிரி மாவட்டம்னு இருக்கும். அதுவே தப்பு கிடையாது. ஆனா தாலுகாவும் கிராமமும் மாறி மாறி வந்திருக்கறதால, பழைய காலத்துக்கு எந்தச் சார்பதிவாளர் அலுவலக எல்லைன்னு கேட்டுத் தெரிஞ்சுட்டுத் தேடுங்க. தப்பான அலுவலகத்துல தேடினா இசி சுத்தமாத்தான் வரும். அந்தச் சுத்தம் பொய்.

ரெண்டாவது, ஆள் பேர். இங்கே தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் கலந்திருக்கு. ஒரே ஆள் ஒரு பத்திரத்துல முனியப்பா, இன்னொண்ணுல முனியப்பன், மூணாவதுல முனியப்ப ரெட்டி. ஊர்ப் பேரும் அப்படித்தான்: ஒரு இடத்துல ஜூஜூவாடி, இன்னொரு இடத்துல சூசூவாடி. அதனால பேரை வச்சுத் தேடறதை விட சர்வே நம்பரை வச்சுத் தேடுங்க. உட்பிரிவு எண்ணோட ஒரு தடவை, உட்பிரிவு இல்லாம தாய் சர்வே எண்ணுக்கு ஒரு தடவை.

சரி, இசியில என்னெல்லாம் வராது?

- பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, வெறும் ஸ்டாம்ப் பேப்பர்ல போட்ட அட்வான்ஸ் அக்ரிமெண்ட்
- ஓனர் இறந்து போனது, வாரிசு எத்தனை பேர்ங்கறது
- நிலுவையில இருக்கற பெரும்பாலான கோர்ட் வழக்குகள்
- பதிவு பண்ணாம வங்கியில பத்திரத்தை வச்சு வாங்கின கடன்
- இடத்துல வேற யாராவது குடியிருக்கறது

இதுல வாரிசு விஷயம் இந்த ஏரியாவுல ரொம்ப முக்கியம். லேஅவுட் ஆகறதுல நிறைய பரம்பரை விவசாய நிலம். பூர்வீகச் சொத்துல மகளுக்கும் பங்கு உண்டுன்னு தமிழ்நாட்டுல 1989 மார்ச் 25-லயே சட்டம் வந்தாச்சு. 2005-ல மத்தியச் சட்டத் திருத்தம் கல்யாணமான மகளுக்கும் சேர்த்து அந்த உரிமையைக் கொடுத்தது. நிலம் ஏக்கர் சில லட்சமா இருந்தப்போ "அண்ணனே வச்சுக்கட்டும்"னு விட்ட அக்கா தங்கச்சிங்க, இன்னைக்கு சதுர அடி ஆயிரக்கணக்குல போகும்போது கேட்கத்தான் செய்வாங்க. கேட்கறது அவங்க நியாயமான உரிமை. மாட்டிக்கறது யாருன்னா, பங்குதாரர் எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்களான்னு பார்க்காம வாங்கின நீங்க. அதனால சட்டப்படியான வாரிசுச் சான்றைக் கேளுங்க. அதுல இருக்கற ஒவ்வொரு பேரும் பத்திரத்துல இருக்கான்னு எண்ணிப் பாருங்க.

வங்கிக் கடனுக்கு 'செர்சாய்'னு ஒரு மத்தியப் பதிவேடு இருக்கு. சின்னக் கட்டணம் கட்டி யார் வேணும்னாலும் தேடலாம். கோர்ட் வழக்குக்கு 'இ-கோர்ட்ஸ்' தளத்துல வித்தவர் பேரைப் போட்டு கிருஷ்ணகிரி மாவட்ட நீதிமன்றங்கள்ல தேடுங்க. பேர் எழுத்து மாறும்ங்கறதை இங்கேயும் மறக்காதீங்க.

அலமாரி 2: பட்டா

தமிழ்நாடு அரசோட நில ஆவண இணையச் சேவைத் தளத்துல பட்டா-சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் பார்க்கலாம். டவுன் பகுதின்னா நகர நில அளவைப் பதிவேடு.

நாலு விஷயத்தை ஒப்பிடுங்க:

1. பட்டாவுல இருக்கற பேரும் விக்கறவர் பேரும் ஒண்ணா?
2. பரப்பளவு சரியா? பட்டாவுல ஹெக்டேர், ஏர்ஸ் கணக்குல இருக்கும். 1 ஏர்ஸ்னா 100 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 1,076 சதுர அடி. 1 சென்ட் 435.6 சதுர அடி. பத்திரத்துல சென்ட், பட்டாவுல ஏர்ஸ், புரோக்கர் வாயில சதுர அடி. மாத்திக் கணக்குப் போட்டுப் பாருங்க.
3. அந்த சர்வே நம்பர் புறம்போக்கா? இதுக்கும் அதே தளத்துல சரிபார்க்கற வசதி இருக்கு. ஏரி, ஓடை, மேய்ச்சல் நிலம் எதுவும் வரக் கூடாது.
4. புலப்படத்துல இருக்கற வடிவம், நேர்ல இருக்கற இடத்தோட பொருந்துதா? இதை ஒரு சர்வேயரைக் கூட்டிட்டுப் போய் அளந்தே பார்த்துடுங்க.

பட்டா இருந்தா போதும்னும் நினைச்சுடாதீங்க. அது வருவாய்த் துறையோட கணக்கு. பட்டா மாறுதல் மட்டுமே உரிமையைக் கொடுக்காதுன்னு உச்ச நீதிமன்றம் பல தடவை சொல்லியிருக்கு. பத்திரச் சங்கிலியும் பட்டாவும் ஒண்ணையொண்ணு ஒத்துப் போகணும். அதுதான் கணக்கு.

விமான நிலையம், சிப்காட் விரிவாக்கம்னு பேச்சு இருக்கற கிராமத்துல வாங்கறீங்களா? இன்னொரு கேள்வியும் கேளுங்க. இந்த சர்வே நம்பர் நில எடுப்புப் பட்டியல்ல வருதா? "ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல"ங்கறது லாபம். "ஏர்போர்ட்டுக்கு உள்ள"ங்கறது வேற கதை. தாலுகா ஆபீஸ்ல நேர்ல விசாரிக்கறதுதான் பாதுகாப்பு.

அலமாரி 3: உள்ளாட்சியும் லேஅவுட்டும்

ஓசூர் 2019-ல மாநகராட்சி ஆச்சு. சுத்தி இருக்கற கிராமங்கள் பலதும் ஊராட்சி. நீங்க வாங்கற சைட் எதுக்குக் கீழே வருதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க. வரி, கட்டட அனுமதி, தண்ணி கனெக்ஷன் எல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

லேஅவுட்டுக்கு நகர் ஊரமைப்புத் துறை, அதாவது நாம சொல்ற டிடிசிபி அனுமதி இருக்கான்னு எண்ணோட கேளுங்க. அனுமதி வரைபடத்துல உங்க சைட் நம்பர் எங்க இருக்குன்னு விரல் வச்சுப் பாருங்க. ரோடு, பார்க்குக்கு ஒதுக்கின இடத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலமா ஒப்படைச்சிருக்கணும். அந்தப் பார்க் இடத்தையே சைட் போட்டு விக்கற ஆட்களும் உண்டு.

2016-ல சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாதுன்னு தடை போட்டது பலருக்கு ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் 2017-ல வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-ஐ வெட்டுத் தேதியா வச்சாங்க. "பழைய லேஅவுட் சார், வரன்முறை பண்ணிக்கலாம்"னு சொன்னா, அந்த மனை அந்தத் தேதிக்கு முன்னாடியே பதிவானதுங்கற ஆதாரத்தைக் கையில வாங்கிட்டு மேல பேசுங்க.

500 சதுர மீட்டருக்கு மேல இருக்கற லேஅவுட், இல்லைன்னா 8-க்கு மேல மனைகள் இருந்தா ரெரா பதிவு வேணும். தமிழ்நாடு ரெரா தளத்துல பதிவு எண்ணைப் போட்டுப் பார்க்க அஞ்சு நிமிஷம் போதும்.

எல்லையைத் தாண்டினா சிஸ்டமே வேற

ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டினா அத்திப்பள்ளி. வண்டியில அஞ்சு நிமிஷம். ஆனா நிலத்தைப் பொறுத்தவரைக்கும் அது வேற உலகம்.

அங்கே பதிவு 'காவேரி 2.0'ல நடக்குது. 2023-ல வந்தது. நம்ம பட்டாவுக்குப் பதிலா விவசாய நிலத்துக்கு ஆர்டிசி, பேச்சு வழக்குல பஹணி. அதுக்கு 'பூமி'ங்கற சிஸ்டம் 2000-லயே வந்துடுச்சு. கட்டட மனைக்கு காத்தா. நிலக் கணக்கு சென்ட் இல்லை, குண்டே. 1 குண்டே 1,089 சதுர அடி, 40 குண்டே ஒரு ஏக்கர். ஆவணம் எல்லாம் கன்னடத்துல. ஆன்லைன் இசியும் பொதுவா 2004-க்கு அப்புறம்தான். அதுக்கு முந்தினது நேர்ல வாங்கணும்.

அங்கே விலை மலிவா ஒரு 'ரெவின்யூ சைட்' வருதுன்னா, அது மனையா மாத்தாத விவசாய நிலமா இருக்கலாம். இ-காத்தா இருக்கான்னு கேளுங்க. "பவர் பத்திரம் போட்டுக் கொடுத்துடறேன், அதுவே போதும்"னு சொன்னா எழுந்து வந்துடுங்க. பவர் பத்திரம் மூலமா சொத்துரிமை மாறாதுன்னு 2011-லயே சூரஜ் லேம்ப் வழக்குல உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்துடுச்சு. இது ரெண்டு மாநிலத்துக்கும் பொருந்தும்.

செலவும் வேற. கர்நாடகாவுல விற்பனைக்கு முத்திரைத் தீர்வை பொதுவா 5%, அது மேல செஸ், சர்சார்ஜ். பதிவுக் கட்டணம் 1%ஆ இருந்தது 2025 ஆகஸ்ட் 31-லிருந்து 2%. தமிழ்நாட்டுல தெரிஞ்ச ஆவண எழுத்தரையோ வக்கீலையோ வச்சு கர்நாடகச் சொத்தை முடிக்கப் பார்க்காதீங்க. அந்த ஊர் ஆவணம் படிக்கத் தெரிஞ்ச அந்த ஊர் வக்கீல் வேணும்.

இப்போ காசுக் கணக்கு

தமிழ்நாட்டுல கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 5%, சொத்து மாற்று வரி 2%, பதிவுக் கட்டணம் 2%. மொத்தம் 9%. 2023-க்கு முன்னாடி பதிவுக் கட்டணம் 4%ஆ இருந்தது, மொத்தம் 11%. அதைக் குறைச்சப்போ வழிகாட்டி மதிப்பை ஏத்தினாங்க. இதுல அந்த 2% சொத்து மாற்று வரி உங்க உள்ளாட்சிக்குப் போற காசு. லேஅவுட்டுக்கு ரோடு வேணும்னு கேட்கும்போது ஞாபகம் வச்சுக்கோங்க.

ஒரு உதாரணம் போடுவோம். 1,200 சதுர அடி சைட். பேசின விலை 24 லட்சம். வழிகாட்டி மதிப்புப்படி 18 லட்சம்.

24 லட்சத்துக்கே பத்திரம் போட்டா:
முத்திரைத் தீர்வை 1,20,000
சொத்து மாற்று வரி 48,000
பதிவுக் கட்டணம் 48,000
மொத்தம் ரூ.2,16,000

புரோக்கர் சொல்வார்: "18 லட்சத்துக்குப் போடுங்க சார், மீதி 6 லட்சம் கேஷ்." அப்படிப் போட்டா 9% கணக்குல ரூ.1,62,000. மிச்சம் 54,000 ரூபாய். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பின்னாடி நீங்க விக்கும்போது வாங்கின விலையா கணக்குல வர்றது 18 லட்சம்தான். அந்த 6 லட்சமும் லாபமாத் தெரியும். நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5%னா ரூ.75,000. இன்னைக்கு 54,000 மிச்சம் பண்ணி நாளைக்கு 75,000 கட்டறீங்க.

அது மட்டுமா? விலையைக் குறைச்சுக் காட்டறதே சட்டப்படி தப்பு. சொத்துக்காக 20,000 ரூபாயோ அதுக்கு மேலேயோ ரொக்கமா வாங்கினா, வாங்கினவருக்கு அதே அளவு தொகை அபராதம் வரலாம். நாளைக்கு உரிமைப் பிரச்சினை வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டா பத்திரத்துல இருக்கற 18 லட்சத்துக்குத்தான் ஆதாரம். அந்த 6 லட்சத்துக்கு உங்ககிட்ட ஒரு துண்டுச் சீட்டு கூட இருக்காது. வங்கியும் பத்திர விலையை வச்சுத்தான் கடன் கொடுக்கும்.

இன்னும் சில குறிப்புகள்:

- 2025 ஏப்ரல் 1-லிருந்து, 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பேர்ல வாங்கினா பதிவுக் கட்டணத்துல 1% குறைவு. 10 லட்சத்துக்கு 10,000 ரூபாய் மிச்சம்.
- விலை 50 லட்சமோ அதுக்கு மேலேயோ இருந்தா, வாங்கற நீங்க 1% டிடிஎஸ் பிடிச்சுக் கட்டணும். மறந்தா அபராதம் உங்களுக்குத்தான்.
- "இப்போ அப்பா பேர்ல வாங்கிட்டு அப்புறம் மாத்திக்கலாம்"னா, குடும்பத்துக்குள்ள செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1%, அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1%, அதிகபட்சம் 10,000. இதையும் கணக்குல சேர்த்துக்கோங்க.

என் ஆலோசனை: விலையில அரை சதவீதத்தைச் சரிபார்ப்புக்குன்னே ஒதுக்குங்க. 24 லட்சத்துக்கு 12,000 ரூபாய். வக்கீல் கருத்து, சர்வேயர், பழைய இசி, பத்திர நகல் எல்லாம் அதுக்குள்ள கொண்டு வரப் பாருங்க. 2,16,000 ரூபாய் தீர்வை கட்டப் போறோம். அது பொதுவா திரும்ப வராத காசு. அதுக்கு முன்னாடி 12,000 செலவு பண்ண யோசிக்கக் கூடாது. வக்கீலையும் நீங்களே பிடிங்க. விக்கறவர் கூட்டிட்டு வர்ற வக்கீல் விக்கறவருக்கு வக்கீல்.

பதிவு முடிஞ்ச அப்புறம்

டோக்கன் நாளோட வேலை முடியலை. இதையெல்லாம் காலண்டர்ல குறிச்சு வச்சுக்கோங்க.

- அதே வாரம்: பதிவான பத்திரத்துல பேர், சர்வே எண், நாலு எல்லை, அளவு எல்லாத்தையும் எழுத்தெழுத்தா படிங்க. தப்பு இருந்தா வித்தவர் கைக்கெட்டற தூரத்துல இருக்கும்போதே பிழைத்திருத்தல் பத்திரம் போட்டுடுங்க.
- ஒரு மாசத்துக்குள்ள: புதுசா இசி போட்டு உங்க பேர் ஏறியிருக்கான்னு பாருங்க. பட்டா மாறியிருக்கான்னும் பாருங்க. உட்பிரிவு தேவைன்னா சர்வேயர் வந்து அளக்கணும். அது தானா நடக்காது, விண்ணப்ப எண்ணை வச்சு விடாம கேட்டுட்டே இருக்கணும்.
- அடுத்து: மாநகராட்சியிலயோ ஊராட்சியிலயோ வரியை உங்க பேருக்கு மாத்துங்க. நகரப் பகுதியில காலி மனைக்கும் வரி உண்டு.
- வருஷத்துக்கு ஒரு தடவை: பிறந்த நாள் மாதிரி ஒரு தேதி வச்சுக்கிட்டு உங்க சைட்டோட இசியையும் பட்டாவையும் ஆன்லைன்ல பாருங்க. ஊர்ல இல்லாதவங்க சொத்தைத்தான் போலிப் பத்திரக்காரங்க குறி வைப்பாங்க. ஒரு சுத்து நேர்ல போய் கல் நட்ட இடத்தையும் பார்த்துட்டு வாங்க.

இந்தக் கடைசி விஷயத்துலதான் டிஜிட்டல் சிஸ்டம் உங்களுக்கு உண்மையான நண்பன். முன்னாடியெல்லாம் உங்க நிலத்தை இன்னொருத்தர் போலியா வித்தா, பத்து வருஷம் கழிச்சுத்தான் தெரியும். இப்போ திருநெல்வேலியில இருந்தாலும் துபாயில இருந்தாலும் போன்லயே பார்த்துடலாம். ஆனா பார்த்தாத்தான் தெரியும்.

கையெழுத்துக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை

அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சனிக்கிழமையை இதுக்கு ஒதுக்குங்க. காலையில இசி, பட்டா, புலப்படம், புறம்போக்குச் சரிபார்ப்பு, ரெரா, இ-கோர்ட்ஸ், செர்சாய் எல்லாம் ஆன்லைன்ல. மத்தியானம் இடத்துக்குப் போய் பக்கத்து நிலத்துக்காரர்கிட்ட, டீக்கடையில, "இது யாரு நிலம், ஏதாவது தகராறு இருக்கா?"ன்னு கேளுங்க. எந்த சர்வர்லயும் ஏறாத தகவல் அங்கேதான் கிடைக்கும். சாயங்காலம் எல்லா பிரிண்ட் அவுட்டையும் வக்கீல் கையில கொடுங்க.

"நாளைக்கே டோக்கன் போடலைன்னா வேற பார்ட்டிக்குப் போயிடும்"னு அவசரப்படுத்தினா, போகட்டும்னு விடுங்க. ஓசூர்ல சைட்டுக்குப் பஞ்சம் இல்லை. உங்க பதினஞ்சு வருஷச் சேமிப்பு ஒண்ணே ஒண்ணுதான்.

இசியை வரி வரியா எப்படிப் படிக்கறதுன்னு தனியா ஒரு வீடியோவுல திரையில காட்டறேன். அதுவரைக்கும் இந்தப் பதிவை, சைட் தேடிக்கிட்டிருக்கற உங்க ஷிப்ட் நண்பருக்கு அனுப்பி வைங்க.